‘விழுந்தார்’ என்று எழுதும் முன்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. வார்டு நோட்டில் நீ "பேஷன்ட் ஃபெல்" என்று எழுதியதை சிஸ்டர் அடித்துவிட்டு "ஃபவுண்ட் ஆன் ஃப்ளோர்" என்று எழுதச் சொன்னாராம், பாத்ரூம் வாசலில் கிடந்தவர் விழாமல் வேறு எப்படி அங்கே வந்தார் என்று உனக்குக் கோபமாம், அம்மா சொன்னாள். அந்த சிஸ்டர் செய்தது சரி, சாமி. கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தை டைப் அடித்தே வேலைக்காலம் முழுக்கக் கழித்தவன் நான். அதனால் இந்த விஷயத்தில் உன்னிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும் என்று தோன்றியது.

நீ பார்த்தது தரையில் கிடந்த ஒரு மனிதரை. அவர் விழுந்ததை நீ பார்க்கவில்லை. மயங்கிச் சரிந்திருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம், தலை சுற்றுகிறதே என்று தானாகவே உட்கார்ந்து படுத்திருக்கலாம். "விழுந்தார்" என்று நீ முடிவாக எழுதிவிட்டால் அடுத்து வரும் டாக்டரின் கவனம் அடிபட்ட இடத்துக்குப் போகும். ஏன் சரிந்தார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

ஏற்காடு மலைப்பாதை விபத்து வழக்கு ஒன்று. சாட்சி கூண்டில் ஏறியவர் முதல் விசாரணையில், "லாரி வேகமா வந்து பைக்கை இடிச்சிடுச்சுங்க" என்று தடுமாறாமல் சொன்னார். குறுக்கு விசாரணையில் வக்கீல், "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். "கீழ் வளைவு டீக்கடையிலங்க." "அங்கிருந்து மேல் வளைவு தெரியுமா?" "தெரியாதுங்க. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேனுங்க." அவர் பொய் சொல்ல வந்தவர் இல்லை. காதால் கேட்டது சத்தம், கண்ணால் கண்டது லாரிக்கு அடியில் கிடந்த பைக், வேகம் என்பது அங்கே கூடி நின்றவர்கள் பேசிக்கொண்டது. மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியமாக வந்துவிட்டன.

இதற்காகத்தான் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 60-ஆவது பிரிவு இருந்தது. பார்க்கக்கூடிய விஷயமென்றால் பார்த்தேன் என்பவர் வந்து சொல்ல வேண்டும். கேட்கக்கூடியதென்றால் கேட்டேன் என்பவர். வேறு புலனால் அறிந்ததென்றால் அப்படி அறிந்தவர். கருத்தென்றால் அந்தக் கருத்தை உடையவர். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் விதி அதேதான்.

நம் பேச்சில் "விழுந்துட்டாராம்" என்று ஓர் ‘ஆம்’ சேர்த்தாலே போதும், யாரோ சொல்லிக் கேட்டது என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். உன் கூட வேலை பார்க்கும் துருக்கிப் பெண்ணைக் கேட்டுப் பார். நேரில் கண்டு சொல்வதற்கும், கேள்விப்பட்டோ ஊகித்தோ சொல்வதற்கும் அவர்கள் மொழியில் வினைச்சொல்லின் முடிவே மாறும். இங்கிலீஷில் அப்படி விகுதி கிடையாது. பார்த்தாலும் "ஹி ஃபெல்"தான், யாரோ சொன்னாலும் "ஹி ஃபெல்"தான். நீ மறந்தால் மொழி உனக்கு ஞாபகப்படுத்தாது.

ஆனால் அந்த மொழியில் வழியே இல்லை என்று எண்ணிவிடாதே. "ஐ ஹியர்ட் ஹிம் ஃபால்" என்றால் அவர் விழுந்த சத்தம் உன் காதிலேயே விழுந்தது. "ஐ ஹியர்ட் தட் ஹி ஃபெல்" என்றால் ஒருவர் வந்து சொன்னார். நடுவில் வரும் அந்தச் சின்ன "தட்" ஒரு சாட்சியையே மாற்றிவிடுகிறது! "மஸ்ட் ஹேவ் ஃபாலன்" என்பதைப் பார். ‘மஸ்ட்’ என்றால் உறுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். நேரில் பார்த்தவர் அப்படிச் சொல்லவே மாட்டார், "ஃபெல்" என்று சொல்லிவிட்டுப் போவார். ‘மஸ்ட் ஹேவ்’ போடுகிறவர், நான் பார்க்கவில்லை, அடையாளங்களை வைத்து ஊகிக்கிறேன் என்றுதான் சொல்கிறார். "அப்பேரன்ட்லி"யை மட்டும் நோட்டில் எழுதாதே. பார்த்தால் அப்படித் தெரிகிறது என்பதற்கும் அதுதான், சொன்னார்கள் என்பதற்கும் அதுதான். படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

"டிநைஸ் பெயின்", அதாவது வலியை மறுக்கிறார், என்று எழுதச் சொல்கிறார்கள், நோயாளியைப் பொய்யர் என்பதுபோல இருக்கிறது என்று போன மாதம் வருத்தப்பட்டாய். கேட்டேன், இல்லை என்றார் என்பதற்கு அங்கே அது வழக்கம். எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லைதான். உங்கள் வார்டு ஒத்துக்கொண்டால் "செஸ் நோ பெயின்" என்றே எழுது. சொன்னவர் அவர் என்பது அதிலும் தெரிகிறது.

நேரில் பார்க்காத எதையும் எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். பிற்காலத்தில் நம் ஏற்காட்டில் குடியிருந்தாரே, அதே நிலவியலாளர்தான். ஆதி மனிதன் இங்கே வாழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கல்லில் மனிதக் கை பட்டிருக்கிறது என்று அவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கல் கையில் இருந்தது. கிடைத்த இடமும் தெரியும். கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் அபிடவிட்டிலும் இதே கதைதான். எது தன் சொந்த அறிவில் தெரிந்தது, எது கேள்விப்பட்டு நம்புவது என்று பிரித்துக் காட்ட வேண்டும். நம்பிக்கை என்றால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

அதனால் உன் நோட்டை இப்படிப் பிரித்துக்கொள். எத்தனை மணிக்கு எந்த நிலையில் கண்டாய் என்பது முதலில். வலது நெற்றியில் வீக்கம் என்றால் அது நீ கண்டது, அப்படியே எழுது. கால் வழுக்கியது என்று அவரே சொன்னால் "பேஷன்ட் ஸ்டேட்ஸ்" போட்டு அவர் வார்த்தையிலேயே எழுது. பக்கத்துப் படுக்கைக்காரர் தொப்பென்று சத்தம் கேட்டதாகச் சொன்னால் அதைத் தனி வரியாக, படுக்கை எண்ணோடு எழுது. உனக்கு ஓர் ஊகம் இருந்தால் கடைசியில், எதனால் அப்படி நினைக்கிறாய் என்பதையும் சேர்த்து எழுது. இரண்டு வரி கூடும், கூடட்டும்.

சிஸ்டரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே கண்ணு, ஏன் அப்படி மாற்றச் சொன்னார் என்று நாளைக்கு நீயே கேள். அம்மாயிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அவரே சொன்னார், மாடிப்படி ஏறியதை நானும் பார்த்தேன். நைட் டூட்டி முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அன்புடன்,
அப்பா