ராத்திரிக்கு நாலு சப்பாத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை உள்ளவர்கள் சோற்றை விட்டுவிட்டு சப்பாத்திக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்கும் மாறினாலே போதும் என்று போன வாரம் உங்கள் கட்டுரையில் படித்தேன். 11 வருஷமாக மாத்திரை போடுகிறவள், அதில் 2 வருஷம் இதே யோசனையை அப்படியே கேட்டு நடந்தவள் நான். போதாது சார்.

ராத்திரிக்கு நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசால், காலையில் சலித்த மாவில் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி இரண்டு டம்ளர், சோறு பக்கமே போகவில்லை, ஆனாலும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 சதவீதம். அப்புறம்தான் உறைத்தது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் ஏறக்குறைய 65 முதல் 70 இருக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் திப்பியை எல்லாம் சலித்துக் கொட்டிவிட்டுக் கூழாக்கிக் குடித்தால் மென்று தின்கிற வேலைகூட இல்லாமல் சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

குளுக்கோமீட்டர் வாங்கி நானே பார்த்தேன். மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், ஓரமாகக் கொஞ்சம் பொரியல்: இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 231. அதே ஒரு கப் சோறுதான், ஆனால் முதலில் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல், ஒரு முட்டை, அப்புறம் சோறு: 178. சாப்பிட்டதும் மொட்டைமாடியில் கால் மணி நேரம் நடந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் கம்மி. ஒருநாள் கூத்து இல்லை, இரண்டு மாதம் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தது. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2015லேயே இப்படிக் காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று கொடுத்துப் பார்த்து, சர்க்கரை கணிசமாகக் குறைகிறது என்று வெளியிட்டிருக்கிறார்கள். 11 பேரை வைத்துச் செய்த சின்ன சோதனைதான், இருந்தாலும் என் மீட்டரும் அதையேதான் சொல்கிறது. (இலையில் முதலில் இனிப்பை வைக்கிற ஊரில் இதை யாரிடம் சொல்வது! "முதல்ல தழையைத் தின்னுட்டு வா" என்று வீட்டுக்காரர் கிண்டல் வேறு.) இப்போது சராசரி 7.3, மதியச் சோறும் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் கட்டுரையில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. நான் ஒருநாள் வீம்புக்குக் காலை டிபனைப் பாதியாக்கி, பதினோரு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டிப் பார்த்தால் சர்க்கரை 62க்கு இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டம்மா கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீர்தான் காப்பாற்றியது.

அடுத்த தடவை கஞ்சி படம் போட்டால், எத்தனை டம்ளர், கூட என்ன சாப்பிடுவது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்