சுரேனாவின் ஒட்டகங்கள்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரசீகத்தை ஆண்ட பார்த்தியரின் தளபதி சுரேனாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் ‘ஆயிரம் ஒட்டகங்களில் அம்பு ஏற்றிக்கொண்டு, 9,000 வில்லாளிகளோடும் 1,000 கவசக் குதிரைவீரர்களோடும் வந்தார்’ என்ற வரியைத் திருத்தியாக வேண்டும். பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். மூலத்தில் இப்படி இல்லை.

மூலம் என்றால் முதன்மையாகப் புளூட்டார்க். கி.மு. 53-இல் கர்ரே போர் (கிராசஸ் நடத்திவந்த ரோமப் படையைச் சுரேனா முறியடித்த போர்) நடந்து சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதிய கிரேக்கர். சுரேனா சொந்த வேலையாகப் பயணம் கிளம்பினாலே மூட்டைமுடிச்சுக்கு 1,000 ஒட்டகம், அந்தப்புரத்துக்கு 200 வண்டி, காவலுக்கு 1,000 கவசக் குதிரைவீரர் போவார்கள் என்கிறார். குதிரைவீரர், ஏவலாட்கள், அடிமைகள் என்று எல்லாரையும் சேர்த்தால் 10,000-க்குக் குறையாதாம். அது அவருடைய செல்வத்தைக் காட்டச் சொன்ன கணக்கு. போர்க்கள வருணனையிலோ அம்பு சுமந்த ஒட்டகங்கள் ‘பல’ நின்றன என்பதோடு சரி. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 10,000-இல் 1,000 போனால் 9,000 வில்லாளிகள்! படை உண்மையிலேயே அந்த அளவுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அது கழித்தல் கணக்கு, சாட்சியம் அல்ல.

எண் தெரியாவிட்டாலும் அந்த ஒட்டகங்கள்தான் போரைத் தீர்மானித்தன. கட்டுரை வில்லின் திறமையையே பாடியிருக்கிறது. ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பறாத்தூணியில் 30 அம்பு, நிமிடத்துக்கு ஆறு எய்தால் ஐந்தே நிமிடத்தில் தூணி காலி. குதிரை வில்லாளிப் படை எதுவானாலும் அதன் பலவீனம் இதுதான். ரோமானியருக்கும் இது தெரியும். அதனால்தான் கிராசஸின் ஆட்கள் கேடயத்துக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அம்பு தீரட்டும் என்று காத்திருந்தார்கள். தீரவில்லை. வளைத்துச் சுற்றிவந்த வீரர்கள் ஒட்டகங்களிடம் போய்த் தூணியை நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். அதைக் கண்ட பிறகே கிராசஸுக்கு நம்பிக்கை விட்டுப்போனது. ஓர் அம்பு 50 கிராம், ஓர் ஒட்டகச் சுமை 150 கிலோ என்று வைத்தால், ஒரே ஒட்டகம் 3,000 அம்பு, அதாவது நூறு பேரின் தூணியை ஒரு தடவை நிரப்பும் சரக்கு.

கிராசஸிடம் ஏழு லீஜியன் (ஆயிரக்கணக்கான காலாட்கள் கொண்ட ரோமப் படைப்பிரிவு), சுமார் 4,000 குதிரை, ஏறத்தாழ அதே அளவு இலகு காலாட்படை இருந்தன. ஆற்றோரமாகவே போகலாம் என்று அவருடைய அதிகாரி காசியஸ் சொன்னதைக் கேட்காமல் வெட்டவெளியில் இறங்கினார். பலிசஸ் ஓடைக்கரையில் பாளையம் போடலாம் என்றார்கள், அதற்கும் செவிசாய்க்கவில்லை. வீரர்கள் அணியில் நின்றபடியே தின்று, குடித்துவிட்டு நடந்தார்கள். பிறகு பக்கத்துக்குப் பன்னிரண்டு கொஹார்ட் (லீஜியனில் பத்தில் ஒரு பங்கு) வீதம் சதுர வியூகம். சுரேனா முதலில் ஈட்டிப் படையை ஏவத்தான் நினைத்தார். அணியின் ஆழத்தைப் பார்த்ததும் கலைவதுபோல் காட்டி, சுற்றி வளைத்துவிட்டார். வீரர்கள் நெருங்கி நின்றால் அம்புக்குத் தப்பாத குறி. விலகி நின்றால் ஈட்டி உள்ளே புகுந்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் சாவு.

கிராசஸின் மகன் பப்லியஸ் 1,300 குதிரை, 500 வில்லாளி, எட்டு கொஹார்ட்டோடு துரத்தினார், பார்த்தியர் ஓடினார்கள். தூரம் போனதும் திரும்பிக் கவசக் குதிரைகளை எதிரே நிறுத்தி, வில்லாளிகளைச் சுற்றவிட்டார்கள். பப்லியஸிடம் இருந்த, கவசம் குறைந்த ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) இனக் குதிரைவீரர்கள் எதிரியின் ஈட்டியைக் கையால் பற்றி இழுத்தார்கள், குதிரையின் வயிற்றுக்கடியில் புகுந்து குத்தினார்கள். பலிக்கவில்லை. கையில் அம்பு தைத்திருந்ததால் பப்லியஸ் தன்னைக் குத்தும்படி கேடயம் தூக்குபவனிடம் சொன்னார். புளூட்டார்க் கணக்கில் மொத்தம் 20,000 பேர் மாண்டார்கள், 10,000 பேர் சிறைப்பட்டார்கள்.

பருவத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. கொம்பும் மரமும் தசைநாரும் பசை வைத்து ஒட்டிய வில் அது. ஈரம் பட்டால் பசை இளகும், நாணும் தளரும். பார்த்தியர் கடுங்குளிர் காலத்தில் படையெடுக்காததற்கு ஈரத்தையே காரணமாகச் சொல்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ (இவர் வேறு காசியஸ்). கர்ரே நடந்ததோ ஜூன் மாதம்.

‘சுரேனா’ அவர் பெயரும் அல்ல, சூரேன் குலத்தின் பெயர். புது அரசனுக்கு முடிசூட்டும் பரம்பரை உரிமை அந்தக் குலத்துக்கு இருந்தது. இயற்பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. அரசன் இரண்டாம் ஒரோடஸை மறுபடி அரியணை ஏற்றி, செலூக்கியா நகர மதிலில் முதல் ஆளாக ஏறியவருக்குக் கர்ரே நடந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் சதி செய்ததால் அரசன் கொன்றான் என்று கட்டுரை சொல்வதற்கு ஆதாரம் இல்லை. புளூட்டார்க் சொல்லும் காரணம் பொறாமை. அவரைக் கொன்றதற்குப் பார்த்தியர் விலையும் கொடுத்தார்கள். கி.மு. 51-இல் இளவரசன் பகோரஸும் தளபதி ஒசாசஸும் ரோமர் வசம் இருந்த அந்தியோக்கியா நகரை முற்றுகையிட்டார்கள். மதிலுக்கு முன் குதிரைப்படை என்ன செய்யும்? திரும்பும் வழியில், கர்ரேயில் கிராசஸுடன் இருந்த அதே காசியஸ் வைத்த பொறியில் ஒசாசஸ் சிக்கி மாண்டார். கி.மு. 38-இல் கிண்டாரஸில் மேட்டில் இருந்த ரோமப் பாளையத்தை நோக்கிக் குதிரைகளை ஏறவிட்டார்கள், கவண்காரர்களுக்குக் கொண்டாட்டம். பகோரஸ் அங்கேயே செத்தான்.

கடைசியாக, படத்தில் சுரேனாவின் குதிரைக்கு அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) வரைந்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் அங்கவடி கிடையாது. கொம்பு வைத்த சேணத்தில் தொடையை இறுக்கி உட்கார்ந்து, நீண்ட ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்தார்கள். இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்