அப்பாவுக்கு, ஸ்கீ செய்யும் ஊரிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, முத்து, அக்கா வீட்டார் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. உடனே பதில் போடாதது என் தப்பு. ‘பனியில் சறுக்கக் காலில் மாட்டும் அந்த ஸ்கீ கட்டையில் தச்சு வேலை இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது அப்பா. அதன் உயிரே நடுவில் இருக்கும் மரம்தான்.

கட்டையின் அடியில் மெழுகு ஏற்றும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தகடு, அதன் ஓரங்களில் 2 மி.மீ. எஃகு விளிம்பு. அதற்கு மேல் எபாக்ஸி என்ற பிசினில் நனைத்த கண்ணாடி இழைத் துணி, மரம், மறுபடியும் துணி, கடைசியாக மேல்தோல். மரம் பாப்லர், ஆஷ், பீச் என்று பட்டை பட்டையாக ஒட்டியது. அதை நடுவில் 11 மி.மீ., நுனிகளில் 2 மி.மீ. வரும்படி இழைக்கிறார்கள். ஈரம் நின்ற மரம் பிறகு முறுக்கிக்கொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சாலையில் ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனி உலோக அச்சு. சூடாக அழுத்தும் பிரஸ்ஸில் நிமிடக் கணக்கில் கட்டை இறுகிவிடும். அச்சுக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கான ஜோடி விற்றாக வேண்டும். கட்டையின் அடித்தகட்டை இயந்திரக் கல்லில் தீட்டி, விறைப்பை அளந்து ஜோடி சேர்ப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஒல்லியான ஒருவருக்காக ஒரு ஜோடியை மட்டும் மெலிதாக்கச் சொன்னால் முடியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைத்தான் செய்கிறார். ஓய்வு பெற்ற தச்சர், அதிகம் பேசமாட்டார். வெளியே மைனஸ் 10 டிகிரி. குளிரில் எபாக்ஸி கெட்டியாகித் துணியில் ஊறாது என்பதால் டப்பாவுக்குக் கம்பளி போர்த்தித் தன் படுக்கையறையில் வைத்திருக்கிறார்! அவருடைய பிரஸ் என்பது இரண்டு இரும்புச் சட்டம், நடுவே காற்று ஏற்றிய தீயணைப்புக் குழாய். அச்சு ஒட்டுப்பலகையில் அறுத்தது. ஓர் இரவு முழுக்க அழுத்தி வைக்கிறார்.

எதையும் ஒட்டவிடாத பிளாஸ்டிக் அந்த அடித்தகடு. ஒட்டும் பக்கத்தில் தீச்சுடரை வேகமாக ஓட்டினால்தான் பிசின் பிடிக்கும். பிறகு விரல் எண்ணெய் பட்டாலே அந்த இடம் போச்சு. விளிம்பை இடுக்கியால் வளைத்துப் பொருத்தும்போது மயிரிழை இடைவெளி விட்டாலும் தண்ணீர் புகுந்து துரு ஏறி, விளிம்பு பெயர்ந்துவிடும். எஃகின் மேல் மெல்லிய ரப்பர் நாடா வைக்க மறந்தால் கல்லில் மோதும்போது பிசின் விட்டுப்போகும். அழுத்தம் கூடினாலோ எபாக்ஸி பிதுங்கி, துணி வெள்ளையாக வறண்டு நிற்கும்.

வருகிறவரின் எடையைக் கேட்டு மரத்தின் கனத்தை முடிவு செய்கிறார். மரத்தின் கனம் 11 மி.மீ.யிலிருந்து 10 ஆனாலே விறைப்பு நன்றாகக் குறைகிறது. இழைப்புளியில் இரண்டு மூன்று ஓட்டுதான் அப்பா!

ரோசிஞோல், ஃபிஷர் போன்ற பெரிய ஸ்கீ கம்பெனிகளும் இப்படிப்பட்ட பட்டறையில் பிறந்தவைதான். 1907இல் பிரான்சில் தன் முதல் ஸ்கீயைச் செய்த ஆபெல் ரோசிஞோல், நெசவாலைகளுக்கு மரச்சாமான் செய்த தச்சர். 1924இல் ஆஸ்திரியாவின் ரீட் ஊரில் தொடங்கிய யோசஃப் ஃபிஷர் வண்டி செய்தவர். இப்போது சிறியவர்கள் பேர் எடுத்தால் பெரியவர்கள் வாங்கிவிடுவதும் நடக்கிறது. 2002இல் சறுக்கு வீரர்களே தொடங்கிய அர்மடா என்ற ஸ்கீ கம்பெனியை 2017இல் அமெர் ஸ்போர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டுப் பொருள் கம்பெனி வாங்கியது.

போன ஞாயிறு அவர் ஆஷ் மரத்தை இழைத்தார். சுருள் சரசரவென்று விழுந்த சத்தம் அப்படியே நம் திண்ணையில் கேட்பதுதான். கொஞ்ச நேரம் வெளியே போய்ப் பனியில் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த வருடம் பனி தாமதம், ஆர்டர் குறைவு, அதனால் இரவு ஷிப்ட் இல்லை. எனக்கும் நல்ல ஓய்வு, அம்மா கவலைப்பட வேண்டாம். இந்த மாதப் பணம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும்.

முத்து கடன் வாங்கிக் கதவு மெஷின் போடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரே அளவுக் கதவு நூறு செய்ய ஃபாக்டரி இருக்கிறது, அதில் அவனால் ஈடுகொடுக்க முடியாது. கோணிய பழைய நிலைக்குப் பொருந்தும் கதவை ஃபாக்டரி தராது. அந்த வேலை வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று இரண்டு மாதம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை கடன் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். ஞாயிறு காலை போன் செய்கிறேன், அவனையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பெரிய இழைப்புளியை யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்