மூடுவதற்கு ஒரு கடிதம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பாவுக்குள் வரும்போது விரல்ரேகை எடுக்கும் புதிய பதிவு முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிடுகிறவர்களுக்கு அந்த 90 நாள் கணக்கெல்லாம் உபயோகமான தகவல். ஆனால் போகிற போக்கில், தங்களுக்கிடையே எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட நாடுகளின் வட்டமான ஷெங்கனுக்குள் வந்துவிட்டால் அப்புறம் 29 நாடுகளிலும் யாரும் கடவுச்சீட்டுக் கேட்க மாட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. எனக்கு அந்த வரியில்தான் இடிக்கிறது.

நான் இருப்பது ஸ்ட்ராஸ்பூர்க்கில். ரைன் நதிக்கு அந்தப் பக்கம் ஜேர்மனியின் கெல். 2017 முதல் எங்கள் ஊர் ட்ராமே பாலம் தாண்டிப் போகிறது. சாமான் மலிவு என்று சனிக்கிழமைகளில் சனம் வெறும் பையோடு ஏறும். ஜேர்மனி 2024 செப்டெம்பர் 16இலிருந்து தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை போட்டது. ஆறு மாதத்துக்கு என்றார்கள். முடியும்போது இன்னொரு ஆறு மாதம், அதற்குப் பிறகு இன்னொன்று. சில நாட்களில் பொலிசார் ட்ராமில் ஏறுவார்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன்பே நம்மவர்கள் பர்ஸைத் திறந்து வதிவிட அட்டையைக் கையில் எடுத்து வைத்திருப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து தலை நிமிர மாட்டார்.

பிரான்ஸ் மட்டும் என்ன ஒழுங்கு? 2015 நவம்பரில் பாரிஸ் காலநிலை மாநாட்டுக்காக, ஒரு மாதத்துக்கென்று போட்ட சோதனை அது. 13ஆம் திகதி இரவு பாரிஸில் தாக்குதல் நடந்தது. அப்போது நீட்டித்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்புறம் கோவிட், ஒலிம்பிக், குடியேறிகள் என்று காரணம் மாறிக்கொண்டே வந்தது. சோதனை பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது.

சோதனை வேண்டுமா வேண்டாமா என்று வாதாட நான் வரவில்லை. இதையெல்லாம் யார் தட்டிக் கேட்பது?

ருமேனியாவையும் பல்கேரியாவையும் பாருங்கள். ஷெங்கனில் சேரத் தகுதி வந்துவிட்டது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2011இலேயே சொல்லிவிட்டது. ஆனால் உள்ளே எடுக்க உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். 2022 டிசம்பரில் குரோஷியாவுக்குக் கதவைத் திறந்த அதே கூட்டத்தில், ஆஸ்திரியா மறித்ததால் இந்த இரண்டும் வெளியே நின்றன. தரை எல்லை திறந்தது 2025 ஜனவரி 1இல். ஐரோப்பிய நாடாளுமன்றம் எத்தனையோ முறை சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் கருத்தைக் கேட்கத்தான் வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. சேர்வதற்கு இவ்வளவு பாடு. எல்லையைத் திரும்ப மூடுவதற்கோ, ஓர் அரசு பிரசல்ஸில் உள்ள ஆணையத்துக்கும் மற்ற நாடுகளுக்கும் அறிவித்து ஒரு கடிதம் போட்டால் போதும்.

உண்மையில் தட்டிக் கேட்டது ஒரு தனி மனிதர். 2019இல் ஸ்லோவேனியாவிலிருந்து ஸ்பீல்ஃபெல்ட் வழியாக ஆஸ்திரியாவுக்குள் வந்தவரை நிறுத்திக் கடவுச்சீட்டுக் கேட்டார்கள். காட்ட மறுத்தார். அபராதம் 36 யூரோ. கட்டிவிட்டுப் போகாமல் வழக்குக்குப் போனார். 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அதே ஆபத்தைக் காரணம் காட்டி ஆறு மாதத்துக்கு மேல் சோதனையை நீட்டிக்க முடியாது, புதிதாக ஓர் ஆபத்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னது. ஆணையம் செய்திருக்க வேண்டிய வேலை அது. சட்டத்தின் காவலன் என்று பெயர், ஆனால் எந்த அரசையும் இதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? ஆஸ்திரியா சோதனையை எடுக்கவில்லை. பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த ஜூலையிலேயே, ஆபத்து புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று தன் அரசின் நீட்டிப்பை ஏற்றுக்கொண்டது. 2024இல் சட்டமே திருத்தப்பட்டது. ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டு ஆண்டு வரை போகலாம், மிகப் பெரிய நெருக்கடி என்றால் அதற்கு மேலும் நீட்டலாம். பன்னிரண்டு மாதம் கடந்தால் ஆணையம் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கருத்துத்தான். இதற்கு ஐரோப்பிய நாடாளுமன்றமும் கை தூக்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசியல் மேற்பார்வைக்கென்று ஒன்றுமே இல்லை என்றில்லை. மக்ரோன் முன்வைத்த யோசனைப்படி 2022 மார்ச்சில் பிரசல்ஸில் ஷெங்கன் மன்றம் முதல் முறையாகக் கூடியது. ஆண்டுதோறும் ஆணையம் அறிக்கை வெளியிடுகிறது. ஆனால் மன்றத்தில் உட்காருகிறவர்கள் யார்? சோதனையை நீட்டிக்கிற அதே உள்துறை அமைச்சர்கள். பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்துகிற கதைதான். 1985இல் ஐந்து நாடுகள் மோசெல் நதியில் ஒரு கப்பலில் வைத்துக் கையெழுத்திட்டபோது இது அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. 1999இல்தான் ஒன்றியச் சட்டத்துக்குள் வந்தது. பழைய பழக்கம் போகவில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றம் மாதாமாதம் கூடுவது எங்கள் ஊரில்தான். கெல் பாலம் அங்கிருந்து சில கிலோமீட்டர். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் முன்பு அந்த நாட்டு உள்துறை அமைச்சர் இங்கே நேரில் வந்து, போன ஆறு மாதத்தில் சோதனையால் என்ன கிடைத்தது என்று பதில் சொல்லட்டும். பதில் சரியில்லை என்று பெரும்பான்மை நினைத்தால் ஆணையம் வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தில் எழுதட்டும். பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டும் உள்ள நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். 2029 தேர்தலுக்கு நோட்டீஸோடு வருகிற வேட்பாளரிடம் வேலைவாய்ப்பு, வாடகையோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ட்ராஸ்பூர்க், பிரான்ஸ்