மெஷின் சூடாகிவிட்டது என்று சொன்ன பெண்ணுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

போலீஸ்காரர் ஒருவர் என் தம்பியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தீர்ப்பு வந்து ஆறு நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று இங்கே திரும்பவும் எழுதப் போவதில்லை. தம்பி எப்படிப் போனான், சுட்டது யார், முதலில் என்ன கதை சொன்னார்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதானே கூட நின்றீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீதிபதி "குற்றவாளி" என்று வாசித்தது அம்மாவுக்குக் காதில் விழவில்லை. "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் இருந்த பக்கத்து வீட்டுச் சித்திதான் குனிந்து அம்மா காதில் சொன்னார். அம்மா அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நின்று, நீதிபதி இருந்த பக்கம் கும்பிட்டார். நீதிபதி அப்போது அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா கையை இறக்கவே இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒருத்திக்குச் சொல்ல வேண்டும். பெயர் எனக்குத் தெரியாது. கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த பெண். இருபது, இருபத்தொரு வயது இருக்கும்.

பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் தரப்பில் ஒரு வக்கீலை வைத்து அரசு வக்கீலுக்குத் துணையாக நிற்கலாம் என்று சட்டத்தில் 2009-லிருந்து இடம் இருக்கிறது. எங்கள் வக்கீல் அண்ணன் சொல்லித்தான் அது எங்களுக்குத் தெரியும். அதற்காக நகல் மனு போட்டு, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வக அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று என்று மொத்தக் கட்டையும் வாங்கினோம். அதில் இரண்டு செட் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா விடியக்காலையிலேயே பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு, அப்படியே தர்மபுரி பஸ் ஏறிவிட்டார். அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பேனா?

ராத்திரி வந்து சாப்பிடும்போது அப்பா சொன்னார், "மெஷின் சூடாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணு என்ன ஒரு மணி நேரம் வெளியில உக்கார வெச்சிருச்சு. ஆனா நல்ல பொண்ணு. டீ வாங்கிக் குடுத்துச்சு. பெரியப்பா பெரியப்பான்னு பேசிக்கிட்டே இருந்துச்சு." நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். கட்டு நேராக வக்கீல் ஆபீசுக்குப் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து என்னுடைய சாட்சி நாள் நெருங்கியது. உடலை அடையாளம் காட்டியது நான்தான். குறுக்கு விசாரணையில் படத்தைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள், கூண்டில் நின்று முதல்முறையாகப் பார்க்க வேண்டாம், முன்னாலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று வக்கீல் அண்ணன் கட்டை என்னிடம் கொடுத்தார். பிரித்தேன். நடுவில் ஒரு காக்கி உறை. நான்கு பக்கமும் பின் அடித்திருந்தது. ஒரு பின் கோணலாக இறங்கி, அதன் மேலேயே இன்னொன்று. உறையின் மேல் நீல ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது:

"இதுல போட்டோ இருக்கு. அப்பா கைல குடுக்காதீங்க."

அப்போதுதான் எனக்கு மெஷின் சூடானது புரிந்தது.

அப்பா பக்கத்தில் நிற்க, அவள் தாளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே வந்திருப்பாள். பிரேதப் பரிசோதனைப் படங்கள் வந்திருக்கும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்திருப்பாள். தம்பியும் அப்பாவும் ஒரே சாயல், யாரும் சொல்லாமலே தெரியும். மெஷின் சூடாகிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவரை வெளியே உட்கார வைத்து, டீ சொல்லி, அந்தப் பக்கங்களை மட்டும் மூன்று கட்டிலிருந்தும் பிரித்து, மூன்று உறையில் போட்டிருக்கிறாள். மூன்றிலும் அதே வரியை எழுதியிருக்கிறாள். வக்கீல் ஆபீசில் மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். கோர்ட்டு எதிரே வாய்தா நாளில் அந்தக் கடையில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் இதைச் செய்திருக்கிறாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் காசைத் தவிர ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை, உறைக்குக்கூட.

அந்த உறையை நான் அன்றைக்குப் பிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, வக்கீல் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு, நானாகவே ஒவ்வொரு பின்னாக நகத்தால் கழற்றிப் பார்த்தேன். எப்போது பார்ப்பது என்பதை நானே முடிவு செய்தேன். அந்த ஏழு வருஷத்தில் எங்கள் கையில் எதுவுமே இருந்ததில்லை. தேதி எங்கள் கையில் இல்லை, அவன் உடலை எப்போது தருவார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. அந்த ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. அதைக் கொடுத்தது அவள்.

கூண்டில் நின்றபோது படத்தைக் காட்டினார்கள். காயத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கரிப்புள்ளிகள். பக்கத்தில் வைத்துச் சுட்டால்தான் அது வரும், தூரத்தில் நின்று தற்காப்புக்குச் சுட்டேன் என்று சொல்கிறவர் விஷயத்தில் வராது என்று டாக்டரும் ஆய்வகத்தாரும் சொன்னது அதை வைத்துத்தான். நான் கை நடுங்காமல் பார்த்துப் பதில் சொன்னேன்.

சாட்சி முடிந்த மறுநாள் அவளைத் தேடிப் போனேன். கடையில் வேறு பையன் இருந்தான். கல்யாணம் ஆகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னான், அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. தங்கச்சி, எங்கேயாவது இது உன் கண்ணில் படட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். அப்பா இன்றைக்கு வரைக்கும் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. அவர் மனதில் தம்பி இன்னும் தக்காளிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறவனாகத்தான் இருக்கிறான்.

மற்றவர்களையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். பீஸ் என்று ஒரு பைசா கேட்காத வக்கீல் அண்ணன். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும், அந்த நிலையத்து ஆட்களே விசாரிக்கக் கூடாது என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே எங்கள் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிய தோழர்கள். ஒரு போலீஸ்காரர் மேல் இருந்த வழக்கை நேர்மையாக விசாரித்த சிபிசிஐடி அதிகாரி; அவரும் போலீஸ்காரர்தான், அதை அம்மா அடிக்கடி சொல்வார். மிரட்டல் வந்தும் பிறழ் சாட்சியாகாமல் முதலில் சொன்னதையே கோர்ட்டிலும் சொன்ன டீக்கடை மாமா. அவர் கடை நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. வாய்தாவுக்கு வாய்தா களியும் கீரையும் கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறிய ஊர்ப் பெண்கள். எல்லோருக்கும் நன்றி.

அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்தப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவில் அரசின் அனுமதி வேண்டும் என்று எங்கள் கோப்பு எவ்வளவு நாள் கிடந்தது! இப்போது வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகும் என்று இருக்கிறதாம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை, அடுத்து வருகிறவர்களுக்காவது உதவட்டும். மனம் விட்டுப்போன நாட்களில் வக்கீல் அண்ணன் வாச்சாத்தியைச் சொல்வார். நம் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமம்; வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 1992-ல் நடந்தது, இதே தர்மபுரி கோர்ட்டில் 2011-ல் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 அதிகாரிகள், ஊழியர்களில் 54 பேர் அதற்குள் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அது ஹைகோர்ட்டில் உறுதியாக 2023 ஆனது. அந்தப் பெண்கள் முப்பத்தொரு வருஷம் நடந்தார்கள், நீ ஏழு வருஷத்துக்கே உட்கார்ந்துவிட்டாயா என்று கேட்பார். உடனே எழுந்துவிடுவேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். எங்கள் முதல் வாய்தா அன்று அம்மாவும் நானும் எந்த மாடி, எந்த அறை, டவாலி கூப்பிட்டால் யார் போவது என்று எதுவும் தெரியாமல் வராந்தாவில் மதியம் வரை நின்றோம். இனி இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு வழக்கில் ஒரு குடும்பம் கோர்ட் படி ஏறினால், முதல் நாள் நான் கூட வருவேன். சொல்லி அனுப்புங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அவர்கள் அப்பீல் போகிறார்கள். சென்னைக்கு இன்னொரு செட் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அப்பாவைத் தடுத்து, நான் வாங்கிக்கொண்டேன். காக்கி உறை ஒன்றும் வாங்கினேன், நீல ஸ்கெட்ச் பேனாவும்.