ஃபிட்டர் அண்ணன் வீடு திரும்பிவிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்களோடு கப்பலில் ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒருவர், மூச்சுத் திணறலால் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். உங்கள் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் படிக்கிற மனிதர், அதனால் அவரோடு இன்ஜின் ரூமில் வேலை பார்த்த எங்கள் எல்லோருடைய வாழ்த்தையும் இங்கேயே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார், சரி, படித்தால் அவருக்கே புரியும். அண்ணே, நல்லபடியாகத் தேறி வந்தீங்களே, அதுவே எங்களுக்குப் போதும்.

வாழ்த்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும், மற்ற கப்பல்காரர்களும் அவர்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால். அண்ணனுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. டாக்டர்கள் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், காசநோயா என்று பார்த்தார்கள், சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள், வாழ்நாளில் தொட்டதில்லை. என்ன வேலை பார்த்தார் என்று கேட்டதற்கு வீட்டில் 'கப்பலில் இருந்தார்' என்று சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணனும் பேச முடியாத நிலையில் இருந்தார்.

கப்பலில் என்ன வேலை என்பது கூட இருந்த எங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் வாட்ச் உண்டு, 12-4, 4-8, 8-12 என்று முறை வைத்து இறங்குவோம், நாலு மணி நேரம் முடிந்தால் மேலே வந்துவிடலாம். ஃபிட்டருக்குப் பகல் வேலை என்று பேர்தான், நடுராத்திரியில் ஸ்டீம் பைப் ஒழுகினாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். ஒழுகும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பைப்பின் மேல் சூடு வெளியேறாமல் இருக்கச் சுற்றியிருக்கும் உறையை, லேக்கிங் என்போம், அதை முதலில் கத்தியால் கிழித்து எடுக்க வேண்டும், அந்தக் காலத்துக் கப்பல்களில் அது ஆஸ்பெஸ்டாஸ், இழை இழையாகப் பிரியும் கல்நார். கிழிக்கும்போது வெள்ளையாகத் தூசி கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்கவே இறங்காது. வேலை முடிந்ததும் அந்தப் பொடியையே வாளியில் தண்ணீர் விட்டு வெறும் கையால் பிசைந்து, பைப் வளைவில் சாந்து மாதிரி பூசுவார். மூக்கில் ஒரு துணிகூடக் கட்டியதில்லை, கட்டச் சொல்லவும் ஆளில்லை. வேலைக்குப் போடும் பாய்லர் சூட் உடுப்பை உதறினால் கேபினுக்குள்ளும் அதே தூசி. பைப், பம்ப் இணைப்புகள் ஒழுகாமல் வைக்கும் கேஸ்கட், கிளாண்ட் பேக்கிங் எல்லாவற்றிலும் அது இருந்தது.

உடம்புக்குள் போன அந்த இழை சும்மா கிடந்துவிட்டு 20, 30, 40 வருடம் கழித்துக்கூடத் தொந்தரவு கொடுக்கும். கப்பல்களில் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்தக் கூடாது என்ற சர்வதேச விதி 2002இல் வந்தது, அப்போதும் சில விலக்குகள் இருந்தன, முழுத் தடை 2011இல்தான். அதற்கு முன் ஓடியவர்கள் இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். வேலையில் இருக்கும்வரை மெடிக்கல் சர்டிபிகேட் இரண்டு வருடத்துக்கு மேல் செல்லாது, புதுப்பித்தே ஆக வேண்டும். கடைசியாக சைன் ஆஃப் ஆகி, அதாவது கணக்கு முடித்துக் கப்பலை விட்டு இறங்கிய பிறகு, நோய் தலைகாட்டுகிற வயதில், நம்மைக் கூப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

நலம் விசாரிக்கப் போன எங்களில் ஒருவர் இந்த லேக்கிங் விஷயத்தை டாக்டரிடம் சொன்னார். அப்புறம்தான் ஸ்கேனை அந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தார்கள், நுரையீரலின் உறையில் தடிப்புகள் இருந்தன. புற்றுநோய் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் விடாமல் செக்கப்புக்கு வர வேண்டும்.

ஆகவே பழைய கப்பல்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், கூட வேலை பார்த்தவர்கள் 'கெட் வெல்' மெசேஜ் அனுப்பியதோடு நிற்க வேண்டாம். கப்பல்காரர்களின் பணிப் பதிவுப் புத்தகமான சி.டி.சி.யில் கப்பல் பேர் இருக்கும், ஏறிய தேதி, இறங்கிய தேதி, பதவி இருக்கும், எதை அறுத்தோம், எதைச் சுவாசித்தோம் என்பது இருக்காது. அதை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள், டாக்டரின் கைக்குப் போகட்டும். சிகரெட் பிடிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள், ஆஸ்பெஸ்டாஸோடு அதுவும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும்.

அண்ணே, மூச்சுப் பயிற்சியைச் சோம்பல் படாமல் செய்யுங்க. மாடிப்படி ஏறும்போது நிதானமாக ஏறுங்க, நீங்க எப்பவும் ரெண்டு ரெண்டு படியாக ஏறுகிற ஆள். அடுத்த செக்கப்புக்குத் தனியாகப் போக வேண்டாம், தேதியை மட்டும் சொல்லுங்க, எங்களில் ஒருவர் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
பழைய இன்ஜின் ரூம் தோழர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற மோட்டார்மேன் ஒருவர்