ஐ.எம்.விஜயனை ஆட்டக்காரராக எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு சாயங்காலம் பாளையங்கோட்டையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடம் ஐ.எம்.விஜயனைத் தெரியுமா என்று கேட்டேன். "திமிரு படத்துல வருவாருல்லா, அவரா அண்ணாச்சி?" என்றான் ஒருவன். அவர் இந்தியாவுக்குக் கால்பந்து ஆடியவர் என்பது யாருக்கும் தெரியவில்லை. மெஸ்ஸி எந்த வருஷம் எந்த கிளப்பில் ஆடினார் என்று மூச்சுவிடாமல் சொல்கிற பையன்கள் இவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாம் எழுதிப் போட்டிருந்தால் படித்திருப்பார்கள்.

நம்மூரில் ராத்திரி பாலருவி ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்குகிற திருச்சூர்தான் அவருக்குச் சொந்த ஊர். 1969-ல் பிறந்தவர், வறுமையில் அங்கே முனிசிபல் ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு சோடா விற்ற சிறுவன். பதினேழு வயதில் கேரள போலீஸ் அணிக்குப் போனார். அந்த அணி 1990-ல் இந்திய கிளப்புகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது அதே திருச்சூரில், சோடா வாங்கிக் குடித்த அதே ஜனம் கேலரியில் நின்று கத்தியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் மோகன் பகான் கிளப். கல்கத்தாக்காரர்கள் 'காலோ ஹரிண்' என்று பேர் வைத்தார்கள், கறுப்பு மான் என்று அர்த்தம். வல்லநாட்டில் வெளிமான் துள்ளி ஓடுவதைப் பார்த்திருக்கிற நமக்கு அந்தப் பேரை விளக்க வேண்டியதில்லை. 1996-97-ல் முதல் தேசிய கால்பந்து லீக்கை பஞ்சாபின் ஜே.சி.டி. அணி ஜெயித்தபோது பைச்சுங் பூட்டியாவோடு முன்வரிசையில் ஆடியவர் இவர். மூன்று முறை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1999-ல் காத்மாண்டுவில் பூட்டானுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது விநாடியில் கோல்! 2003-ல் ஹைதராபாத் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில், முப்பத்து நாலு வயதில், நாலு கோல் போட்டுவிட்டுத்தான் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார்.

அந்தக் காலத்தில் அவர் ஆட்டம் எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. டீக்கடைப் பேப்பரின் கடைசிப் பக்க மூலையில் ரெண்டு வரி வரும், சில நாள் அதுவும் வராது, அந்த ரெண்டு வரிக்காகக் காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, அந்த ஏப்ரலில் போலீஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார். அப்போதும் நம் பக்கத்துப் பத்திரிகை ஒன்று 'நடிகர்' என்றுதான் போட்டது. நடித்தார், நன்றாகவே நடித்தார், சரி. ஆனால் மைதானத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியவரை அந்த ஒரு வார்த்தையில் எப்படி முடிக்க முடியும்?

அவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போடுங்கள் ஐயா. படம் சினிமாப் படமாக வேண்டாம், ஜெர்சியோடு இருக்கிற படமாக இருக்கட்டும். வருகிற அன்றைக்குப் பத்துப் பிரதி வாங்கி அந்தப் பையன்கள் கையில் நானே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகன்